மந்திரத்தை எந்த நொடியில் தடுக்கிறோம்? கவுன்டர்ஸ்பெல், டிஸ்பெல் மேஜிக், ஆன்டிமேஜிக் ஃபீல்ட்

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற, ஆளுக்கொரு பாத்திரமாகப் பகடை உருட்டி ஆடும் விளையாட்டில் உங்களுக்கு நடந்த மூன்று சம்பவங்களைச் சொல்லியிருக்கிறீர்கள். எதிரி ஃபயர்பால் என்ற நெருப்பு மந்திரத்தைப் போட்டபோது உங்கள் விசார்ட் (மந்திரவாதிப் பாத்திரம்) டிஸ்பெல் மேஜிக் போடுகிறேன் என்றார். ஆட்டத்தை நடத்தித் தீர்ப்புச் சொல்லும் டிஎம் முடியாது என்றுவிட்டார். அடுத்த செஷனில் கவுன்டர்ஸ்பெல் போடப் போனபோது, எதிரி என்ன மந்திரம் போடுகிறாள் என்று கேட்டீர்கள். டிஎம் சொல்ல மறுத்தார். அப்புறம், பறந்துகொண்டிருந்த உங்கள் நண்பர் ஆன்டிமேஜிக் ஃபீல்டுக்குள் நுழைந்ததும் கீழே விழுந்தார், ஆனால் வெளியே ஊர்ந்து வந்ததும் அதே ஃப்ளை (பறக்க வைக்கும் மந்திரம்) மறுபடி வேலை செய்தது. மூன்றுமே மந்திரத்தை ரத்து செய்வதுதானே, டிஎம் ஏன் ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு மாதிரி தீர்ப்பு சொல்கிறார் என்பது உங்கள் கேள்வி.

உங்கள் குழப்பம் 'ரத்து' என்ற சொல்லில்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன். உண்மையில் கேட்க வேண்டியது, எந்த நொடியில் என்பது. கவுன்டர்ஸ்பெல், மந்திரம் பிறந்துகொண்டிருக்கும்போது அதைப் பிடிக்கிறது. டிஸ்பெல் மேஜிக், பிறந்து நிலைத்து நிற்கும் மந்திரத்தை முடிக்கிறது. ஆன்டிமேஜிக் ஃபீல்ட் எதையும் முடிப்பதில்லை, ஒரு இடத்துக்குள் மந்திரத்தை அமுக்கி வைக்கிறது, அவ்வளவுதான். இதை வைத்துப் பார்த்தால் முதல் சம்பவத்திலும் மூன்றாவதிலும் உங்கள் டிஎம் விதிப்படியே நடந்திருக்கிறார். இரண்டாவதில் விதியே முழுசாகப் பேசவில்லை. அதை விரிவாகச் சொல்கிறேன். நான் சொல்வதெல்லாம் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஐந்தாம் பதிப்பு பற்றியது. 2014 விதிகளில்தான் நான் பல வருடம் டிஎம்மாக உட்கார்ந்திருக்கிறேன். 2024 திருத்தப் பதிப்பில் என் அனுபவம் குறைவு. இரண்டும் மாறுபடும் இடங்களில் எது எது என்று சொல்லிவிடுகிறேன். உங்கள் டேபிள் எந்தப் புத்தகத்தில் ஆடுகிறது என்று நீங்கள் எழுதவில்லை, கவுன்டர்ஸ்பெல்லுக்கு அது ரொம்ப முக்கியம்.

முதலில் டிஸ்பெல் மேஜிக். இது மூன்றாம் லெவல் மந்திரம் (லெவல் கூடினால் மந்திரத்தின் பலமும் கூடும்), தூரம் 120 அடி, போட ஒரு ஆக்‌ஷன் வேண்டும். அதாவது உங்கள் முறை வரும்போதுதான் போட முடியும். ஃபயர்பாலோ கணநேர மந்திரம்: வெடிக்கிறது, 8 ஆறுபக்கப் பகடைகள் அளவுக்குச் சுடுகிறது, அதோடு மந்திரம் தீர்ந்தது. அதற்குப் பிறகு தீப்பற்றி எரியும் திரைச்சீலை வெறும் நெருப்பு, தண்ணீர் ஊற்றித்தான் அணைக்க வேண்டும். உங்கள் விசார்டின் முறை வரும்போது அங்கே முடிப்பதற்கு எதுவும் மிச்சமில்லை. இதே காரணத்தால்தான் கியூர் வூண்ட்ஸ் ஆற்றிய காயத்தை டிஸ்பெல் போட்டுத் திரும்பத் திறக்க முடியாது. அனிமேட் டெட் போட்டு எழுப்பிய எலும்புக்கூட்டையும் டிஸ்பெல் போட்டுச் சாய்க்க முடியாது, இது பலருக்கு ஆச்சரியமாக இருக்கும். அந்த மந்திரத்தின் கால அளவும் கணநேரம்தான். எலும்புக்கூடு எழுந்த கையோடு மந்திரம் முடிந்துவிட்டது. எழுந்தது தன் போக்கில் நடமாடுகிறது.

நீடித்து நிற்கும் மந்திரத்தின் மேல்தான் டிஸ்பெல்லின் முழு பலமும் தெரியும். மூன்றாம் லெவல் ஸ்லாட்டில் (ஸ்லாட் என்றால் மந்திரம் போடச் செலவாகும் இருப்பு) போட்டால், இலக்கின் மேல் உள்ள மூன்றாம் லெவல் வரைக்குமான மந்திரங்கள் பகடையே உருட்டாமல் முடியும். நான்காம் லெவலும் அதற்கு மேலும் என்றால், ஒவ்வொரு மந்திரத்துக்கும் தனித்தனியாக உங்கள் மந்திரத் திறனில் ஒரு அபிலிட்டி செக் (இருபதுபக்கப் பகடையோடு அந்தத் திறனுக்கான எண்ணைக் கூட்டுவது) உருட்ட வேண்டும், 10 கூட்டல் அந்த மந்திரத்தின் லெவல் எட்ட வேண்டும். பெரிய ஸ்லாட்டில் போட்டால் அந்த ஸ்லாட்டின் லெவல் வரை உருட்டல் தேவையில்லை. இந்தச் செக்கில் பயிற்சிக்கான ப்ரொஃபிஷியன்சி போனஸ் சேராது. புதிதாக ஆட வருகிற எல்லோரும் அதைச் சேர்த்துவிடுவார்கள், ஸ்பெல் அட்டாக் மாதிரி என்று நினைத்து. மாடிஃபையர், அதாவது திறனுக்கான அந்த எண், மட்டும்தான். இன்டலிஜென்ஸ் 20 உள்ள விசார்ட் ஐந்தைக் கூட்டிக்கொள்வார். அவர் ஒரு பாலிமார்ஃபை (உருமாற்றும் நான்காம் லெவல் மந்திரம்) உடைக்க 14 எட்ட வேண்டும், 60 சதவீத வாய்ப்பு. ஒன்பதாம் லெவல் மந்திரத்துக்கு 19 எட்ட வேண்டும், 35 சதவீதம். ஒரு சின்ன மூன்றாம் லெவல் ஸ்லாட்டுக்கு இது அருமையான விலை.

ஆனால் 'இலக்கின் மேல் உள்ள' என்ற வார்த்தையைக் கவனியுங்கள். டிஸ்பெல் உங்களுக்குப் பிடிக்காததை மட்டும் பொறுக்கி எடுப்பதில்லை. என் டேபிளில் ஒரு முறை, இன்னொருவர் போட்ட ஹேஸ்டோடு (வேகம் கூட்டும் மந்திரம்) ஓடிய ஃபைட்டரை (வாள்வீரர் பாத்திரம்) எதிரி ஹோல்ட் பெர்சன் (ஆளை அசையாமல் கட்டும் மந்திரம்) போட்டு நிறுத்திவிட்டான். கிளெரிக் (பூசாரிப் பாத்திரம்) உடனே ஃபைட்டரின் மேல் டிஸ்பெல் போட்டார். ஹோல்ட் பெர்சன் இரண்டாம் லெவல், உடைந்தது. ஹேஸ்ட் மூன்றாம் லெவல், அதுவும் உடைந்தது. ஹேஸ்ட் முடிந்தால் அதன் விதிப்படி ஆள் துவண்டுபோய், தன் அடுத்த முறை தீரும் வரை நகரவோ ஆக்‌ஷன் எடுக்கவோ முடியாது. விடுவிக்கப்பட்ட ஃபைட்டர் கட்டிப்போட்டதுபோலவே இன்னொரு சுற்று நின்றார். இதையே திருப்பி எதிரி மேல் பயன்படுத்தலாம்: ஹேஸ்ட் போட்ட எதிரியின் மேல் டிஸ்பெல் போட்டால், சேவ் (தப்பிக்க உருட்டும் பகடை) எதுவும் இல்லாமல் அவன் ஒரு முறையை இழக்கிறான். ஃப்ளை போட்டு 60 அடி உயரத்தில் நிற்கிறவன் மேல் போட்டால், விழுந்து 6 ஆறுபக்கப் பகடை அடி வாங்குகிறான். டிஸ்பெல்லைத் தற்காப்பு என்றே நினைத்துக்கொண்டிருக்கிறவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

சில மந்திரங்கள் டிஸ்பெல்லுக்கு மசியாது என்று அவற்றின் விளக்கத்திலேயே எழுதியிருக்கும். வால் ஆஃப் ஃபோர்ஸ் அப்படி, ஃபோர்ஸ்கேஜ் அப்படி. வால் ஆஃப் ஃபோர்ஸை டிஸின்டெக்ரேட் என்ற மந்திரம் அழிக்கும். போடும் முன் மந்திரத்தின் விளக்கத்தைக் கடைசி வரி வரை படிப்பது நல்லது.

ஆன்டிமேஜிக் ஃபீல்ட் எட்டாம் லெவல். போட்டவரைச் சுற்றி 10 அடி ஆரமுள்ள உருண்டை, அவரோடு நகரும், கவனம் சிதறாமல் இருந்தால் ஒரு மணி நேரம் வரை நிற்கும். உள்ளே மந்திரம் எதுவும் செல்லாது, மந்திர வாளும் வெறும் வாளாகிவிடும். ஆர்டிஃபாக்ட் எனும் அபூர்வ மந்திரப் பொருள்களும் தெய்வங்களும் மட்டும் விதிவிலக்கு. ஆனால் உள்ளே போன மந்திரம் முடிவதில்லை, அமுங்கிக் கிடக்கிறது, அதன் கடிகாரம் மட்டும் ஓடிக்கொண்டே இருக்கிறது. உங்கள் நண்பரின் ஃப்ளை பத்து நிமிட மந்திரம். இரண்டு நிமிடம் ஃபீல்டுக்குள் கிடந்தால், வெளியே வரும்போது அந்த இரண்டு நிமிடம் கழிந்திருக்கும், மிச்சத்துக்குப் பறக்கலாம். வரவழைக்கப்பட்ட உயிர்களும் அப்படித்தான்: உள்ளே வந்தால் மறையும், ஃபீல்ட் அந்த இடத்தை விட்டு நகர்ந்ததும் நின்ற இடத்தில் மறுபடி தோன்றும். மேலே சொன்ன ஹேஸ்ட் போட்ட ஆள் ஃபீல்டுக்குள் ஓடினால் வேகம் போகும், ஆனால் துவண்டு நிற்க மாட்டார், ஏனென்றால் ஹேஸ்ட் முடியவில்லை. ஃபீல்டின் மேலேயே டிஸ்பெல் போட்டால் ஒன்றும் ஆகாது, அதுவும் விதியில் இருக்கிறது.

இந்த விதியை நான் சரியாகப் புரிந்துகொண்டது பிஹோல்டர் என்ற பல கண் அரக்கனை வைத்து ஆட்டம் நடத்தியபோதுதான். அதன் நடுக்கண்ணிலிருந்து 150 அடி நீளத்துக்கு ஆன்டிமேஜிக் ஃபீல்ட் மாதிரியே வேலை செய்யும் ஒரு கூம்பு விரியும். அதன் சின்னக் கண்களின் கதிர்களும் அந்தக் கூம்புக்குள் செல்லாது, சொந்தக் கதிராக இருந்தாலும். என் ஆட்டக்காரர்களில் விசார்டாக ஆடியவர் இதைக் கண்டுபிடித்த கணம் இன்னும் நினைவில் இருக்கிறது. தன் மந்திரம் ஒன்றும் வேலை செய்யவில்லை என்று வெளியே ஓடப் பார்த்தவர், பாதி வழியில் நின்று, "உள்ளேயே இருந்தால் என்னையும் கதிர் அடிக்காது, இல்லையா?" என்றார். ஆமாம் என்றேன். எல்லோரும் கூம்புக்குள் போய் நின்றார்கள், ஃபைட்டர் சாதாரண வாளாகிப்போன தன் மந்திர வாளோடு முன்னே நடந்தார். தன் ஒவ்வொரு முறையின் தொடக்கத்திலும் பிஹோல்டர் அந்தக் கூம்பு எந்தப் பக்கம் பார்க்க வேண்டும், திறந்திருக்க வேண்டுமா என்று முடிவு செய்யும். நான் அந்தக் கண்ணை மூடினேன். அதுவரை பாதுகாப்பாக நின்றவர்கள் மேல் கதிர்கள் பாய்ந்தன. ஆன்டிமேஜிக் என்பது ஒரு இடம், அதற்கு ஓரம் உண்டு, ஓரத்தின் எந்தப் பக்கம் நிற்கிறோம் என்பதுதான் சண்டை என்று அன்றைக்கு டேபிளில் எல்லோருக்கும் தெரிந்தது.

இப்போது கவுன்டர்ஸ்பெல். 2014 விதிப்படி, 60 அடிக்குள் ஒருவர் மந்திரம் போடுவதை நீங்கள் கண்ணால் பார்த்தால், ரியாக்‌ஷனாக இதைப் போடலாம் (ரியாக்‌ஷன் என்றால் மற்றவர் முறையிலும் உடனே செய்யக்கூடிய பதில் செயல்). நீங்கள் மூன்றாம் லெவல் ஸ்லாட் செலவழித்தால், எதிரியின் மந்திரம் மூன்று அல்லது அதற்குக் கீழ் என்றால் அப்படியே பொசுங்கும். அதற்கு மேல் என்றால் டிஸ்பெல்லில் சொன்ன அதே செக், 10 கூட்டல் மந்திரத்தின் லெவல். தடுக்கப்பட்டவருக்கு ஆக்‌ஷனும் போகும், ஸ்லாட்டும் போகும். 'பார்த்தால்' என்பது இந்த விதியின் உயிர்நாடி. மூடுபனிக்குள்ளிருந்து போட்டால், மறைந்து நின்று போட்டால், 65 அடியில் நின்று போட்டால் கவுன்டர்ஸ்பெல் கிடையாது. சார்சரர் (பிறவி மந்திரவாதி) சட்டில் ஸ்பெல் என்ற திறமையைப் பயன்படுத்திச் சொல்லும் சைகையும் இல்லாமல் போட்டால், கையில் பொருள் எதுவும் தேவைப்படாத மந்திரமாக இருந்தால், பார்ப்பதற்கு எதுவும் இல்லை, ஆகவே தடுக்கவும் முடியாது. டிராகன் நெருப்பைக் கக்குவது மந்திரம் போடுவது அல்ல, அதன் மேல் கவுன்டர்ஸ்பெல்லும் செல்லாது, டிஸ்பெல்லும் செல்லாது.

சரி, உங்கள் இரண்டாவது சம்பவம். என்ன மந்திரம் என்று டிஎம் சொல்ல வேண்டுமா? கவுன்டர்ஸ்பெல்லின் விளக்கத்தில், மந்திரம் போடுவதைப் பார்க்க வேண்டும் என்று மட்டுமே இருக்கிறது, எது என்று தெரிய வேண்டும் என்று இல்லை, தெரியும் என்றும் இல்லை. 2017இல் வந்த சானதார்ஸ் கைட் என்ற துணைப் புத்தகம் ஒரு கூடுதல் விதி கொடுத்தது: ரியாக்‌ஷனைச் செலவழித்து ஆர்க்கானா (மந்திர அறிவு) செக் உருட்டி, 15 கூட்டல் மந்திரத்தின் லெவலை எட்டினால், போடப்படும் மந்திரம் எதுவென்று தெரிந்துகொள்ளலாம். உங்கள் கிளாஸுக்கு (விசார்ட், கிளெரிக் போன்ற வகைக்கு) உரிய மந்திரமாக அது போடப்பட்டால் அட்வான்டேஜ் உண்டு, அதாவது இரண்டு முறை உருட்டிப் பெரியதை எடுக்கலாம். ஆனால் ஒரு சுற்றுக்கு ரியாக்‌ஷன் ஒன்றுதான். அதை அடையாளம் காணச் செலவழித்தவர் கவுன்டர்ஸ்பெல் போட முடியாது. அதனால் அந்த விதியை எழுத்துப்படி வைத்தால், ஒருவர் கண்டுபிடிக்க, இன்னொருவர் தடுக்க வேண்டும். கண்டுபிடித்தவர் கத்திச் சொல்வதற்குள் மந்திரம் முடிந்துவிடாதா என்பதை டிஎம் தீர்மானிப்பார். நான் ஒரே ஒரு வார்த்தை கத்த அனுமதிக்கிறேன். அது என் டேபிளின் வழக்கம்.

ஆக உங்கள் டிஎம் சொல்ல மறுத்தது தவறில்லை. சொல்லியிருந்தாலும் தவறில்லை. ஆனால் தெரியாமல் போடுவதில்தான் இந்த மந்திரத்தின் ருசி இருக்கிறது என்பது என் உறுதியான எண்ணம். ஒரு சண்டையில் எதிரி மந்திரவாதி கையை உயர்த்தினாள், நான் "ஸ்பெல் போடுகிறாள்" என்று மட்டும் சொல்லி நிறுத்தினேன். விசார்டிடம் ஒரு மூன்றாம் லெவல் ஸ்லாட்டும் ஒரு ஐந்தாம் லெவல் ஸ்லாட்டும் மிச்சம். பெரியதைப் போட்டு எதிரி வெறும் கேன்ட்ரிப் (ஸ்லாட் செலவாகாத சின்ன மந்திரம்) போட்டிருந்தால் வீண். சின்னதைப் போட்டு எதிரி பெரிதாகப் போட்டிருந்தால் பகடையின் தயவு. அவர் மூன்றாம் லெவலைத் தேர்ந்தார். "16 எட்டணும்" என்றேன். டேபிளில் எல்லோர் முகமும் மாறியது, ஏனென்றால் 16 என்றாலே ஆறாம் லெவல் என்று தெரிந்துவிட்டது. அவர் மாடிஃபையர் நான்கு. பகடை 12இல் நின்றது. சரியாக 16. அது செயின் லைட்னிங். நான்கு பேரையும் தாக்கியிருக்கும். நான் முதலிலேயே பெயரைச் சொல்லியிருந்தால் அவர் ஐந்தாம் லெவல் ஸ்லாட்டை யோசித்திருப்பார், ஆனால் அதுவும் ஆறுக்குப் போதாது, உருட்டியே ஆக வேண்டும். கணக்கு அங்கேயே முடிந்திருக்கும், அந்தப் பகடைக்காக யாரும் எழுந்து நின்றிருக்க மாட்டார்கள்.

இதில் ஒரு நேர்மைப் பிரச்சினை இருக்கிறது, டிஎம்கள் பலர் கவனிப்பதில்லை. எதிரி போடும் மந்திரத்தின் பெயரை மறைக்கும் டிஎம், ஆட்டக்காரர் "ஃபயர்பால் போடறேன்" என்று வாய்திறந்து சொன்ன பிறகு, அது பெரியதா சின்னதா என்று பார்த்து எதிரிக்குக் கவுன்டர்ஸ்பெல் போடுவது நியாயமில்லை. கவுன்டர்ஸ்பெல் தெரிந்த எதிரி களத்தில் இருந்தால், என் டேபிளில் ஆட்டக்காரர்களும் "ஸ்பெல் போடறேன்" என்று மட்டும் சொல்லி நிறுத்துவார்கள். நான் தடுக்கிறேனா இல்லையா என்று சொன்ன பிறகே பெயர் வெளியே வரும்.

கவுன்டர்ஸ்பெல்லையே கவுன்டர்ஸ்பெல்லால் தடுக்கலாமா என்று அடுத்து நிச்சயம் கேட்பீர்கள். 2014 விதியில் தடுக்கலாம். உங்கள் ஃபயர்பாலை எதிரி தடுக்க வருகிறான், அவன் கை அசைவதை நீங்கள் பார்க்கிறீர்கள், உங்கள் ரியாக்‌ஷன் மிச்சமிருக்கிறது, ஆகவே உங்கள் முறையிலேயே அவன் தடுப்பைத் தடுக்கலாம். ஒரே தடை, அந்த முறையில் கூடுதல் செயலான போனஸ் ஆக்‌ஷனில் ஒரு மந்திரம் போட்டிருக்கக் கூடாது. 2024இல் இது மாறிவிட்டது: ஒரு முறைக்குள் ஒரு ஸ்லாட் மட்டுமே செலவழித்து மந்திரம் போடலாம் என்பதால், ஸ்லாட் செலவழித்து ஃபயர்பால் போட்ட நீங்களே ஸ்லாட்டில் இன்னொரு கவுன்டர்ஸ்பெல் போட முடியாது. பக்கத்தில் நிற்கும் நண்பர் உங்களுக்காகப் போடலாம்.

2024இல் கவுன்டர்ஸ்பெல்லின் உள்ளுறுப்பே மாறியிருக்கிறது. தடுப்பவர் செக் உருட்டுவதில்லை. மந்திரம் போடுகிறவர் கான்ஸ்டிட்யூஷன் (உடல் உறுதி) சேவ் உருட்டுகிறார், தோற்றால் மந்திரம் கலையும், ஆக்‌ஷன் வீண், ஆனால் ஸ்லாட் கையிலேயே இருக்கும். மந்திரத்தின் லெவல் கணக்கில் வருவதே இல்லை. பெரிய ஸ்லாட்டில் போட்டாலும் கூடுதல் பலன் இல்லை. ஒரு பக்கம் இது எனக்குப் பிடித்திருக்கிறது: ஆறாம் லெவல் ஸ்லாட்டை இழந்த ஆட்டக்காரர் அந்த மாலை முழுக்க வாடிப்போய் உட்கார்ந்திருப்பதை நான் பார்த்திருக்கிறேன், அது இப்போது இல்லை. இன்னொரு பக்கம், பெரிய எதிரிகளுக்கு எதிராக இது மெலிந்துவிட்டது. 2014 புத்தகத்து லிச்சையே (சாவை வென்ற மந்திரவாதி எதிரி) எடுத்துக்கொள்ளுங்கள், கான்ஸ்டிட்யூஷன் சேவுக்கு 10 கூட்டிக்கொள்ளும். உங்கள் சேவ் டிசி (எதிரி எட்ட வேண்டிய எண்) 17 என்றால் அது தோற்க 30 சதவீதம்தான் வாய்ப்பு, தோற்றாலும், தோற்ற சேவை வெற்றியாக்கிக்கொள்ளும் லெஜண்டரி ரெசிஸ்டன்ஸ் கையில் இருக்கிறது. ஆனால் அந்த ரெசிஸ்டன்ஸ் ஒன்று செலவாவதும் உங்களுக்கு லாபம்தான்.

விதி தெளிவில்லாத இடங்களையும் சொல்லிவிடுகிறேன். மந்திரக்கோலிலிருந்து போடப்படும் மந்திரத்தை 2014 விதியில் தடுக்கலாமா? கோல் வழியாகப் போட்டால் சொல், சைகை, பொருள் பொதுவாகத் தேவையில்லை. அப்படியானால் எதைப் பார்த்துத் தடுப்பது என்று ஒரு கட்சி. கோலை நீட்டுவதே கண்ணுக்குத் தெரிகிறதே என்று இன்னொரு கட்சி. 2024 கவுன்டர்ஸ்பெல்லில் சொல், சைகை, பொருள் இவற்றில் ஒன்றாவது இருக்க வேண்டும் என்று நேராகவே எழுதிவிட்டார்கள். 2014இல் நான் அனுமதிக்கிறேன், அனுமதிக்காதவர்களோடு சண்டை போட மாட்டேன். இன்னொன்று: ஒரு மந்திரத்தில் கவனம் வைத்திருப்பவர் கவனம் தேவைப்படும் வேறொன்றைப் போட, அது தடுக்கப்பட்டால் பழையது நிற்குமா? 2014 வார்த்தைகளை வைத்து இரண்டு பக்கமும் வாதாடலாம். 2024இல் புதியதைப் போடத் தொடங்கிய கணமே பழையது போய்விடும் என்று தெளிவாகிவிட்டது. டிஸ்பெல்லில், கண்ணுக்குத் தெரியாமல் மறைந்து நிற்கும் ஆளை இலக்காகக் கொள்ளலாமா என்பதும் வாதத்துக்குரியது. 'பார்க்கக்கூடிய' என்ற சொல் அந்த விளக்கத்தில் இல்லை என்பது மட்டும் நிச்சயம். அவர் நிற்கும் இடம் தெரிந்தால் நான் விட்டுவிடுகிறேன்.

அடுத்த செஷனுக்கு முன் உங்கள் டிஎம்மிடம் இரண்டே கேள்வி கேளுங்கள். நாம் 2014 கவுன்டர்ஸ்பெல்லா, 2024 கவுன்டர்ஸ்பெல்லா? மந்திரத்தின் பெயரைச் சொல்வதற்கு முன் இரண்டு பக்கமும் நிறுத்துவோமா? ஃபயர்பாலுக்கு உங்கள் விசார்ட் இனி டிஸ்பெல்லை நம்ப வேண்டாம். கவுன்டர்ஸ்பெல்லைத் தயார் செய்துகொண்டு, அந்த எதிரிக்கு 60 அடிக்குள், அவள் கை தெரிகிற இடத்தில் நிற்கட்டும்.